திறப்பில்தான் பிழை

காலைத் தொழுகை முடிந்து ஆட்கள் வீடு திரும்பிக்கொண்டிருக்கும் நேரத்தில், ஷார்ஜா ரோலாவில் ஒரு பழைய கட்டடத்தின் பின்முற்றத்தில், கமலேஸ்வரி தன் சொந்தக் காரிடமே கள்ளியாக அகப்படுவாள். வண்டி வாங்கிய மறுநாளிலிருந்து அன்றாடம் இதுதான்.

கதவில் சாவியை விட்டுத் திருப்புவாள். உள்ளே பூட்டுக் குமிழ் டக்கென்று எழும்பும். கைப்பிடியை இழுத்துக் கதவை ஒரு சாண் திறப்பதற்குள் முன்பக்க எஞ்சின் மூடிக்குள்ளிருந்து அலாரம் பிடித்துக்கொள்ளும். ஒரே சுருதியில் ஊதுகிற சனியன் இல்லை அது. ஏறும், இறங்கும், விக்கும், மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கத்தி முடிக்கும்வரை வண்டியைக் கிளப்பவும் விடாது, ஸ்டார்ட்டரையும் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் கமலேஸ்வரி ஏறி, கதவைச் சாத்தி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, நேரே சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும். மேலே ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும். முதல் மாடி எகிப்திய வாத்தியார் உள்பனியனோடு பால்கனிக்கு வந்து இரண்டு கையையும் வானத்தை நோக்கி விரிப்பார். அவர் அரபியில் சொல்வது அவளுக்கு முழுதாக விளங்காது. விளங்கியவரைக்கும் நல்லதாக இல்லை.

காவல்காரன் முகம்மது சித்தீக் வெறுங்காலோடு ஓடி வருவான். "மேடம், ரோஜ் ரோஜ் யே கியா ஹை?" தினம் தினம் இது என்ன என்று கேட்பான். கடைசியில் அலாரம் தானாக ஓயும். அவள் வண்டியைப் பின்னெடுத்து, யார் முகத்தையும் பார்க்காமல் துபாய்ச் சாலையைப் பிடிப்பாள். பாதி வழி போன பிறகுதான் தோள் இறங்கும்.

கமலேஸ்வரிக்கு ஓரிடத்தில் இருக்க வராது. கோப்பாயிலிருந்து இருபது வயதில் கொழும்புக்குப் போய்த் தொலைபேசி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் வெள்ளவத்தையில் அவள் இருந்த வீடு எரிந்தது. கப்பலில் ஏற்றி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து படகில் ராமேஸ்வரம், பிறகு மதராஸ். மதராசில் ஒரு சின்னக் கோயிலில், ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்த மகேசனுக்கும் அவளுக்கும் கல்யாணம் நடந்தது. மகேசன் ஒரு கப்பல் ஏஜென்சியில் காசாளர். நிதானமானவர், குரல் உயர்த்தாதவர், அறையை விட்டுப் போகும்போது விளக்கை அணைத்துவிட்டு, அணைந்ததா என்று திரும்பி வந்து பார்ப்பவர்.

வந்த முதல் வருடம் அவள் அந்த மூன்றாம் மாடி வீட்டுக்குள் நடந்து தேய்த்தாள். சமையல் குசினியிலிருந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து குசினி. கீழே ரோலாவில் ஆட்கள் வெள்ளிக்கிழமைகளில் தேன்கூடு போல மொய்ப்பார்கள். பஸ்கள் துபாய்க்குப் புறப்படும். அவளுக்குக் கால் துடிக்கும். வேலைக்குப் போகிறேன் என்று கேட்டுக் கேட்டு, துபாய் தேராவில் ஒரு ஹோட்டலில் டெலிபோன் ஆபரேட்டர் வேலையைப் பிடித்தாள். ஆங்கிலம் இருந்தது, வேலைக்கு வேண்டிய அரபியையும் ஹிந்தியையும் காதாலேயே பிடித்தாள். காலை ஆறு மணி டூட்டி. இரவு டூட்டிக்கு மகேசன் ஒப்பவில்லை. காலை என்றால் சம்மதம்.

ஆனால் காலையில் எப்படிப் போவது? ஹோட்டல் வேன் துபாய்க்குள் மட்டும்தான் ஓடும். பங்கு டாக்ஸி ஐந்து பேர் சேராமல் அசையாது. அந்த நேரத்தில் சேரும் மற்ற நால்வரும் ஆண்கள். கதவோரம் ஒடுங்கி, கைப்பையை நடுவில் வேலியாக வைத்துக்கொண்டு ஒரு வருடம் போனாள். ஆள் சேராத நாட்களில் தாமதமாகப் போய், அடுத்தமுறை தாமதம் என்றால் இரவு டூட்டிக்கு மாற்றிவிடுவேன் என்று மேற்பார்வையாளரிடம் ஏச்சு வாங்கினாள். இரவு டூட்டி என்றால் வேலை போனதற்குச் சமம். வேலை போனால் மறுபடி குசினி, ஜன்னல்.

அதற்காகத்தான் லைசன்ஸ். பின்னால் எடுத்து நிறுத்துவதில் திரும்பத் திரும்பத் தோற்று, கடைசியில் தேறினாள். அதற்காகத்தான் இந்த வெள்ளைக் காரும். ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்கார எஞ்சினியரிடம் வாங்கியது. காசு அவள் சம்பளத்தில் சேர்ந்தது, பதிவு மகேசன் பெயரில். அலாரம் அந்த மனிதர் ஆசையாகப் பூட்டிக்கொண்டது. வண்டியை நிறுத்திக் கதவுகளைச் சாத்தினால் தானாகவே காவலுக்கு நிற்கும், ஓட்டுநர் பக்கக் கதவில் சாவியைத் திருப்பினால் அடங்கிவிடும் என்று சொல்லிக் கொடுத்தார். சாவி ஒன்றுதான் இருந்தது, மற்றதைக் கடலில் தொலைத்துவிட்டாராம்.

மகேசன் அன்றைக்கே ரோலாவில், கைக்கடிகாரத்துக்குப் பட்டி மாற்றிச் செருப்புக்கும் தையல் போடுகிற ஒரு கடையில், இன்னொன்று வெட்டி எடுத்து வந்தார். பளபளவென்று புதிதாக இருந்ததை அவளிடம் நீட்டினார்.

"ஒரிசினல் திறப்பு என்னட்டை இருக்கட்டும். நீர் துலைச்சுப் போடுவீர்."

"நான் எப்ப துலைச்சனான்?"

"இன்னும் துலைக்கேல்லை. அதுதான் சொல்லுறன்."

தினமும் ஓட்டுவது அவள். அவர் ஓட்டுவது எப்போதாவது. ஆனாலும் ஒரிஜினல் அவருடைய இடுப்புக் கொத்தில் ஏறியது. அந்தக் கொத்தில் அலுவலகப் பெட்டகத்தின் சாவிகளும் கிடந்ததால், அவர் குளிக்கப் போகும்போதுகூட அது கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்தான் தொங்கும்.

அலாரம் கத்தத் தொடங்கியபோது மகேசன் முதலில் நம்பவில்லை. கீழே வந்து தானே திறந்து காட்டினார். வண்டி மூச்சு விடவில்லை.

"பாத்தீரே? ஒண்டும் இல்லை."

அவள் பூட்டிவிட்டுத் தன்னுடையதால் திறந்தாள். அலறியது.

அது ஓயும்வரை காதைப் பொத்திக்கொண்டு நின்றவர் பிறகு சொன்னார்: "நீர் வண்டியோடை சண்டைக்குப் போறமாதிரிப் போறீர். மெதுவாப் போய், மெதுவாத் திறவும்."

அடுத்த நாள் மெதுவாகத் திறந்தாள். கத்தியது. வேகமாகத் திறந்தாள், கத்தியது. ஓட்டுநர் பக்கத்தை விட்டு மறுபக்கக் கதவால் போய்ப் பார்த்தாள், அதுவும் உதவவில்லை. ஒருநாள் ஜன்னல் கண்ணாடியை இறக்கியே விட்டு வந்து, விடியலில் சேலையைச் செருகிக்கொண்டு அதற்குள்ளால் நுழையப் பார்த்தாள். இருக்கையில் ஒரு விரல் தடிமனுக்கு மணல் படிந்திருந்தது, பாதி உடம்பு உள்ளேயும் பாதி வெளியேயும் இருந்தபோது சித்தீக் வந்து "யா அல்லா" என்றான். அன்றோடு அதையும் விட்டாள்.

ஹோட்டலில் வேலை முடிந்து கிளம்பும்போதும் இதே கதைதான். வாசல் பையன்கள் அவளுக்கு 'ஆம்புலன்ஸ் மேடம்' என்று பெயர் வைத்தார்கள். சிரிப்புக்குத்தான் சொன்னார்கள். ஆனால் ஒருமுறை அந்த வழியாக வந்த போலீஸ்காரர் ஒருவர் நின்று, அவளை மேலும் கீழும் பார்த்து, வண்டிக் காகிதத்தைக் கேட்டார். காகிதத்தில் இருந்தது மகேசனின் பெயர். கணவர், கணவர் என்று நாலு பாஷையில் சொல்லித்தான் வீட்டுக்கு வர முடிந்தது. வண்டிக்கு என்னைத்தான் பிடிக்கவில்லை என்று அன்றைக்கு அவளுக்கு உண்மையாகவே தோன்றிவிட்டது. இரவெல்லாம் கனவில் கதவுகளைத் திறந்துகொண்டிருந்தாள்.

ஒரு வியாழக்கிழமை பின்னேரம் மகேசன் அவளையும் ஏற்றிக்கொண்டு சனாயாவுக்குப் போனார். கராஜ்களும் இரும்புக் கடைகளும் நெருங்கிக் கிடக்கும் தொழிற்பேட்டையை எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். கராஜ்காரர் கௌஸ் முகம்மது, ஹைதராபாத்துக்காரர். மகேசன் அவரோடு தன் முறிந்த ஹிந்தியில் மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, வண்டிக்கு அடியிலிருந்து ஒருவன் "இவுக எந்த ஊருன்னு தெரியலியே, தமிழ் மொகமா இருக்கு" என்று தனக்குள் பேசிக்கொண்டு வெளியே வந்தான். எலக்ட்ரீசியன் ராக்கப்பன், முதுகுளத்தூர்ப் பக்கம்.

"தமிழ்தான்" என்றாள் கமலேஸ்வரி. அந்த இடத்தில் அந்தப் பாஷையைக் கேட்டதில் அவளுக்கு முகம் மலர்ந்துபோயிற்று.

"சிலோனா? பேச்சே பாட்டு மாதிரி இருக்கேக்கா. பாதி வெளங்காது, ஆனா கேக்க நல்லாருக்கும். சொல்லுங்க, என்ன செய்யிது?"

"திறந்த உடனை கத்துது. எனக்கெண்டா திறப்பிலதான் பிழை எண்டு படுது. நீங்கள் அந்தத் திறப்பை ஒருக்கா வடிவாப் பாருங்கோ."

"அதேதான்க்கா, நானும் நெனைச்சேன்! திறப்புலதான் கோளாறு." ராக்கப்பன் கதவை உரிமையோடு தட்டினான். "பாத்து உட்ருவோம்."

மகேசன் தன் கொத்திலிருந்து சாவியைக் கழற்றிக் கொடுத்தார். கமலேஸ்வரி தன்னுடையதை வீட்டில் விட்டு வந்திருந்தாள். ராக்கப்பன் பூட்டித் திறந்து பார்த்தான். வண்டி பேசாமல் நின்றது. "எங்கிட்ட வந்தா கமுக்கமா நிக்கிது பாருங்க, டாக்டரக் கண்ட புள்ள மாதிரி" என்றான்.

அன்றைக்கு வேலை முடியவில்லை. பிறகு இரண்டு மூன்று தடவை மகேசன் மட்டும் அலுவலகம் விட்டு வண்டியைக் கொண்டுபோனார். கதவு இடுக்கில் இருக்கும் பொத்தான் சுவிட்சுகளை ராக்கப்பன் நாலு கதவுக்கும் மாற்றினான். ரப்பர் வைத்தான். பேட்டரி முனைகளைச் சுரண்டினான். அலாரத்தை அடியோடு பிடுங்கிவிடச் சொன்னால், வயர் முழுக்க ஒரே கறுப்பு, கள்ளன் குழம்பட்டும் என்று வெள்ளைக்காரன் அப்படிப் போட்டிருக்கிறான், தப்பானதை வெட்டினால் ஸ்டார்ட்டிங்கும் போய்விடும் என்று பயந்தான்.

"திறப்பைப் பாத்தவனாமோ?" என்று அவள் மகேசனைக் கேட்டாள்.

"பாத்திட்டானாம். திறப்பெல்லாம் புதுசு மாதிரி இருக்காம், அதிலை ஒரு குறையும் இல்லையாம்."

சரி, அப்படியானால் திறப்பு இல்லை. அவள் அந்த எண்ணத்தை மனத்திலிருந்து அழித்துவிட்டாள். எப்போதாவது மகேசனின் கொத்தை வாங்கித் தானே ஒருமுறை திறந்து பார்க்கத் தோன்றியதுண்டு. ஆனால் தொழில் தெரிந்தவன் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு, பெட்டகச் சாவிக்காக ஒரு வாக்குவாதம் எதற்கு?

ஒரு செவ்வாய்க்கிழமை கட்டடச் சொந்தக்காரரிடமிருந்து செய்தி வந்தது. சித்தீக் வாசலில் நின்று, தன் பங்குக்கு வருத்தப்பட்டுக்கொண்டே சொன்னான். அர்பாப், அதுதான் முதலாளி, கோபமாக இருக்கிறார். வெள்ளிக்குப் பிறகும் இந்த வண்டி விடியலில் கத்தினால் போலீசைக் கூப்பிட்டு இழுத்துப் போகச் சொல்லிவிட்டார். "பஸ், கலாஸ் போலா." அவ்வளவுதான், முடிந்தது என்றாராம்.

மகேசன் சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து சொன்னார்.

"எங்கடை ஒபிஸ் உமாபதி ஒரு வண்டி தேடுறான். வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு வந்து பாக்கச் சொல்லியிருக்கிறன்."

"எந்த வண்டியை?"

"எங்களிட்டை எத்தினை வண்டி நிக்குது?"

"அப்ப நான் என்னண்டு வேலைக்குப் போறது?"

"கொஞ்ச நாளைக்கு இரும். வேறை பாப்பம்."

"என்னைப் பாத்தா இருக்கிற ஆள் மாதிரியோ உங்களுக்கு?"

"நான் என்ன செய்யிறது? வண்டி எனக்குக் கத்தேல்லை. உமாபதிக்கும் கத்தாது. உமக்கு மட்டும்தானே கத்துது."

அவர் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. கணக்கைச் சொல்வதுபோலச் சொன்னார். அதுதான் அவளுக்கு அதிகம் சுட்டது. அன்றிரவு விளக்கணைந்தபின்னும் அவள் குசினியில் நின்றுகொண்டே இருந்தாள்.

வியாழக்கிழமை இரண்டு மணிக்கு டூட்டி முடிந்ததும், யாரிடமும் சொல்லாமல், வீட்டுக்குப் போகிற சாலையை விட்டு நேரே சனாயாவுக்கு விட்டாள். ஸ்டியரிங் கையைச் சுட்டது. கராஜ் வாசலில் நிறுத்தி இறங்கி, கதவை ஓங்கிச் சாத்தினாள்.

கௌஸ் முகம்மது நிழலில் தேநீரோடு உட்கார்ந்திருந்தார். ராக்கப்பன் எழுந்து வந்தான்.

"என்னக்கா, தனியாவா வந்தீக? இன்னுமா கத்துது? நானும் எத்தன வாட்டி தொறந்து தொறந்து பாத்துட்டேன், எங்கிட்ட ஒரு சத்தம் போடலயே! அண்ணன் கொண்டாந்து நிறுத்துவாக, பூனக்குட்டி மாதிரி நிக்கும்."

"நில்லுங்கோ" என்றாள். அலாரம் தன் காவலுக்கு வரட்டும் என்று கொஞ்சம் பொறுத்தாள். பிறகு சாவியை விட்டுத் திருப்பிக் கதவைத் திறந்தாள்.

தகரக் கூரை அதிர அது அலறியது. கௌஸ் முகம்மதின் தேநீர் வேட்டி மேல் சிந்தியது. ராக்கப்பனோ கையைத் தட்டிக் குதித்தான்.

"கத்துது! கத்துது! எங்கண்ணால பாத்துட்டேன்! இம்புட்டு நாளா பொய் சொல்றீகளோன்னுகூட நெனைச்சேன்க்கா, மன்னிச்சுக்கங்க!"

"பொய்யோ!" சத்தத்துக்கு மேலால் அவளும் கத்தினாள். "நான் முதல் நாளே சொன்னனான், திறப்பிலதான் பிழையெண்டு! நீங்கள் திறப்புச் சரியெண்டு சொல்லிவிட்டனீங்கள்!"

"சரிதான்க்கா! திறப்பு சரிதான்! நாலு கதவுக்கும் சுவிட்சு மாத்திட்டேன், எந்தக் கதவத் தொறந்தாலும் திறப்பு சும்மா அல்வா மாதிரி இருக்கு!"

"கதவில்லை, திறப்பு!"

"அதான்க்கா, கதவுத் திறப்பு!"

"திறப்பெண்டா இது!" கமலேஸ்வரி கதவில் தொங்கிய சாவியைப் பிடுங்கி அவன் மூக்குக்கு நேரே ஆட்டினாள். "இது! இதுதான் திறப்பு!"

அலாரம் அந்த நேரத்தில்தான் ஓய்ந்தது. 'இதுதான் திறப்பு' என்ற அவள் குரல் மட்டும் தனியாகக் கூரையில் மோதி இறங்கியது.

ராக்கப்பன் சாவியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடி சாவியைப் பார்த்தான்.

"அக்கா, அது சாவி."

"சாவியெண்டும் சொல்லலாம். நாங்கள் திறப்பெண்டுதான் சொல்லுறது."

"அடப்பாவமே!" அவன் தலையில் கை வைத்தான். "திறப்புன்னா தொறக்கிறதுன்னுல்ல நான் நெனைச்சேன்! சாவின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே..."

"நானும் உங்களோடை சும்மா ஹிந்தியிலை கதைச்சிருக்கலாம்" என்றாள் அவள்.

என்ன நடந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட கௌஸ் முகம்மது தேநீர் பட்ட வேட்டியை உதறியபடி வயிறு குலுங்கச் சிரித்தார். "சாபி போல்னா தா பஹன்! சாபி!" சாவி என்று ஹிந்தியில் சொல்லியிருந்தால் நான்கூடப் பிடித்திருப்பேனே என்று அவர் சிரிக்க, ராக்கப்பன் வெட்கத்தை மறைக்கக் கதவு உள்தகட்டைக் கழற்றுவதில் மும்முரமானான்.

பூட்டுக்குப் பின்னால் வெள்ளைக்காரன் வைத்திருந்த சின்னச் சுவிட்ச் தெரிந்தது. சாவி கடைசிவரை திரும்பினால் ஒரு நாக்கு வந்து அதைத் தொட வேண்டும். தொட்டால் அலாரம் அடங்கும். அவளுடைய சாவியால் திருப்பினான். குமிழ் எழும்பியது, கதவு விட்டது, ஆனால் சாவி பாதியில் உரசி நின்றது. நாக்கு சுவிட்சுக்கு ஒரு நெல் இடைவெளி முன்னாலேயே நின்றுவிட்டது. ஸ்குரூ டிரைவரால் அதைத் தள்ளிவிட்டு மறுபடி திறந்தபோது வண்டி சாதுவாக இருந்தது.

"சரியா வெட்டாத சாவிக்கா. கதவத் தொறக்கும், அலாரத்த அணைக்காது. அதுக்கு நீங்க திருடிதான். இத அராவுனா இன்னும் கெட்டுப் போகும். ஒரிஜினல்ல ஓட்டுங்க, இல்ல அதக் கொண்டாந்து நல்ல எடத்துல ஒண்ணு வெட்டுங்க. வண்டியில ஒரு கோளாறும் இல்ல."

அவள் வீட்டுக்குப் பறந்தாள். மகேசன் வரும்வரை இருக்கவில்லை, நடந்தாள். அவர் காலிலிருந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள் முழுக்கச் சொல்லிவிட்டாள். மகேசன் கேட்டார். சிரிக்கவும் சிரித்தார், 'கதவுத் திறப்போ' என்று இரண்டு தரம் சொல்லிச் சிரித்தார். அவள் கையை நீட்டினாள்.

"தாங்கோ அதை."

"எதை?"

"ஒரிசினலை."

"இப்ப என்னத்துக்கு? உமாபதி நாளைக்கு வாறான்."

"வண்டியிலை பிழை இல்லை எண்டுதானே இவ்வளவு நேரமும் சொன்னனான்!"

"பிழை இல்லாட்டி நல்லதுதானே, அவனுக்குச் சந்தோசமா விக்கலாம். வாக்குக் குடுத்திட்டன் கமலா. ஒரிசினல் அவனுக்குத்தான் போகவேணும்." அவர் பெல்ட்டோடு கொத்தையும் கழற்றிக் கதவுக் கொளுக்கியில் மாட்டினார். "நீரும் களைச்சுப் போனீர். விடியப் புறம் எழும்பி ஓடுற ஓட்டத்தை நானும் பாக்கிறன்தானே. கொஞ்சம் இரும்."

மறுபடி அந்தச் சொல். இரும். வண்டி அவளைக் கள்ளி என்றபோது பிழை ஒரு சாவியில் இருந்தது. இவருடைய பேச்சில் எந்த இடத்தில் பிழை என்று கழற்றிக் காட்ட யாரைக் கூப்பிடுவது? நாளைக்கும் அவளுக்கு டூட்டி. ஹோட்டலுக்கு வெள்ளி என்றும் சனி என்றும் இல்லை.

பாங்கு சொல்லும்போதே அவள் குளித்து உடுத்திருந்தாள். மகேசன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கொளுக்கியில் தொங்கிய கொத்தைச் சத்தம் வராமல் உள்ளங்கைக்குள் பொத்தி எடுத்துக் குசினி விளக்கில் பார்த்தாள். வளையம் இறுக்கமான இரும்பு வளையம். நகத்தைக் கொடுத்து விரித்ததில் நகம் ஒடிந்தது. பெட்டகச் சாவிகளை அவள் தொடவில்லை. வண்டிச் சாவி ஒன்றை மட்டும் சுற்றிச் சுற்றிக் கழற்றிவிட்டு, தன்னுடைய பளபளப்பானதை அதன் இடத்தில் ஏற்றினாள். இத்தனை நாள் அலாரம் கத்தியபோதெல்லாம் அவள் எதையும் எடுத்ததில்லை. இன்றைக்கு எடுத்திருக்கிறாள்.

கீழே சித்தீக் அவளைக் கண்டதும் முன்யோசனையாகக் காதைப் பொத்திக்கொண்டான். முதல் மாடியில் வாத்தியாரும் தயாராக நின்றார். அவள் சாவியை விட்டாள். அது வழுக்கிக்கொண்டு போய், உரசாமல், கடைசிவரை திரும்பியது. கதவைத் திறந்தாள். ஒன்றும் இல்லை. எங்கேயோ ஒரு குளிர்சாதனப் பெட்டி தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது.

சித்தீக் காதிலிருந்து கையை எடுக்க மறந்து நின்றான்.

"மேடம், ஆஜ் கியா ஹுவா?" இன்றைக்கு என்ன ஆயிற்று என்று கேட்டான்.

"கலாஸ், சித்தீக் பாய்" என்று அவள் கண்ணாடியை இறக்கிச் சொல்லிவிட்டு வண்டியைப் பின்னெடுத்தாள். வாத்தியார் ஏமாந்தவர்போலப் பால்கனியில் அங்கேயே நின்றார்.

எட்டு மணி கழிந்து சிறிது நேரத்தில் ஹோட்டல் டெலிபோன் பலகையில் வெளி இணைப்பு ஒன்று மின்னியது. ஆங்கிலத்தில் காலை வணக்கம் சொன்னாள்.

"நான்" என்றார் மகேசன். வீட்டுக்கு எதிர்க் கடையிலிருந்து பேசுகிறார் போல, பின்னால் தேநீர்க் கோப்பைகள் சத்தமிட்டன. "உமாபதி வந்து நிக்கிறான். வண்டியைக் காணேல்லை."

"நான் கொண்டுவந்திட்டன்."

"கொத்திலை இருந்த திறப்பு?"

"அதையும்தான்."

இன்னொரு விளக்கு மின்னியது, நானூற்றிரண்டாம் அறைக்காரர். அவரை அறைச் சேவைக்கு இணைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். மகேசன் வைக்காமல் நின்றார்.

"கேட்டெடுத்திருக்கலாம்தானே?" என்றார். கோபமா, வருத்தமா என்று குரலில் பிடிபடவில்லை.

"நேற்றுக் கேட்டனான்."



"இப்ப உமாபதிக்கு நான் என்ன சொல்ல?"

"வண்டி விக்கிறதுக்கில்லை எண்டு சொல்லுங்கோ. ஓடுறதுக்கு ஆள் இருக்கெண்டு சொல்லுங்கோ."

"அவன் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடுத்து அனுப்புங்கோ."

அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. ரிசீவரைப் பொத்திக்கொண்டு யாரிடமோ ஏதோ சொன்னார். இரண்டு பேர் பேசுவது மங்கலாகக் கேட்டது, ஒருவர் உண்மையாகவே சிரித்தார். பிறகு மகேசனின் குரல் வந்தது.

"கத்தினதோ?"

"இல்லை. ஒரு சத்தமும் இல்லை."

"ம். எத்தினை மணிக்கு வருவீர்?"

"ரெண்டுக்கு டூட்டி முடியும். பிறகு கொஞ்சத் தூரம் ஓடிப்போட்டு வாறன்."

"எங்கை?"

பலகையில் மூன்று விளக்குகள் ஒன்றாக மின்னின. கமலேஸ்வரி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து நின்றுகொண்டாள்.

"தெரியாது. பெற்றோல் இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த இணைப்பை எடுத்தாள்.